சரயேவோ 1914: பட்டத்து இளவரசரின் கொலை போராக மாறிய 37 நாட்கள்

## ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் போஸ்னியத் தலைநகரான சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 4 முடிவதற்குள் ஆஸ்திரியா-ஹங்கேரி, ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் என்னும் ஐந்து வல்லரசுகளும் போரில் இறங்கியிருந்தன. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் காரணம், விளைவு என்று ஒரே வரியில் எழுதிவிடுவது பள்ளிப் பாடங்களின் வழக்கம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் 37 நாட்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் முதல் 25 நாட்களில் வெளிப்பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுமே நடக்கவில்லை.

அந்த நாட்களில் யார் எதை அறிந்திருந்தார்கள், எந்த முடிவை எதற்காக எடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வின் பொருள். விரைந்து செயல்பட்டிருந்தால் உலகத்தின் அனுதாபம் துணை நின்றிருக்கக்கூடிய காலத்தை ஆஸ்திரியா-ஹங்கேரியின் தலைநகரான வியன்னா ஆற அமரக் கழித்தது. பொறுமை காத்திருந்தால் சமரசத்துக்கு இடம் கிடைத்திருக்கக்கூடிய காலத்தில் எல்லாத் தலைநகரங்களும் விரைந்தன. போரை உண்டாக்கியது இந்தத் தலைகீழான கால ஒழுங்குதான் என்பது என் கருத்து.

## பின்னணி

போஸ்னியா, ஹெர்சகோவினா ஆகிய மாகாணங்களை 1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கையின்படி ஆஸ்திரியா-ஹங்கேரி நிர்வகித்து வந்தது. சட்டப்படி அவை ஒட்டோமான் பேரரசுக்கே உரியவையாக இருந்தன. 1908 அக்டோபரில் வியன்னா அவற்றை முறைப்படி தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கு வாழ்ந்த செர்பியர்களைத் தன் மக்களாகவே கருதிய செர்பிய அரசு கொதித்தது. அதற்கு ஆதரவாக நின்ற ரஷ்யா, ஜப்பானிடம் தோற்ற களைப்பிலிருந்து மீளாத நிலையில், ஜெர்மனியின் அழுத்தத்துக்குப் பணிந்து 1909 மார்ச்சில் பின்வாங்கியது. இன்னொரு முறை இப்படித் தலைகுனிய முடியாது என்ற உணர்வு ரஷ்ய அரசவையில் அன்றிலிருந்து வேரூன்றிவிட்டது.

1912, 1913ஆம் ஆண்டுகளின் பால்கன் போர்களில் செர்பியாவின் நிலப்பரப்பு ஏறத்தாழ இருமடங்கானது. 1913 அக்டோபரில் அல்பேனிய எல்லையிலிருந்து செர்பியப் படைகள் விலக வேண்டுமென்று ஆஸ்திரியா-ஹங்கேரி கெடு விதித்தபோது, செர்பியா விலகிக்கொண்டது. கெடு விதித்தால் செர்பியா பணியும், ரஷ்யா தலையிடாது என்னும் பாடத்தை வியன்னா இதிலிருந்து கற்றுக்கொண்டது. பின்னர் நடந்தவற்றை நோக்கும்போது, அந்தக் காலகட்டத்தில் கற்கப்பட்ட பாடங்களுள் மிகவும் ஆபத்தானது இதுவே எனலாம்.

செர்பியாவின் உள்நிலையும் சீராக இல்லை. 1903இல் மன்னர் அலெக்சாண்டரையும் அரசி திராகாவையும் அரண்மனையிலேயே கொன்ற படையதிகாரிகளில் ஒருவரான திராகுதின் திமித்ரியேவிச், 1911இல் தோன்றிய ‘கறுப்புக் கை’ என்னும் இரகசிய அமைப்பின் தலைவர்களுள் ஒருவரானார். 1914இல் அவரே செர்பிய இராணுவ உளவுத்துறையின் தலைவராகவும் இருந்தார். பிரதமர் நிகோலா பாஷிச்சுக்கும் இந்த அதிகாரிகளுக்கும் இடையே கடும் பகை நிலவியது. ஆகவே ‘செர்பிய அரசு’ என்று ஒற்றைச் சொல்லால் குறிப்பதே இந்த நிகழ்வில் குழப்பம் தருவது: அரசின் ஒரு கை செய்ததை மறு கையால் தடுக்க முடியவில்லை, வெளிப்படையாகக் கண்டிக்கவும் துணிவில்லை.

பிரான்ஸ் ஃபெர்டினாண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் மகன் ருடால்ஃப் 1889இல் இறந்தபின் அரியணை உரிமை தம்பியின் வழிக்கு வந்து, இறுதியில் அவர் மகனான இவரைச் சேர்ந்தது. அரச குலத்துக்கு இணையாகக் கருதப்படாத குடும்பத்துப் பெண்ணான சோஃபியை மணந்ததால், தம் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை இல்லை என்று 1900 ஜூன் 28 அன்று அவர் உறுதிமொழி அளிக்க நேர்ந்தது. முன்கோபி என்றும் பழகுவதற்கு அரியவர் என்றும் பெயரெடுத்த இவர், செர்பியாவுடன் போர் கூடாது என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார். போர் மூண்டால் ரஷ்யா வரும், இரு முடியாட்சிகளும் சேர்ந்து அழியும் என்று அஞ்சினார். செர்பியாவைத் தாக்க வேண்டுமென்று இடைவிடாது வற்புறுத்தி வந்த தலைமைத் தளபதி கான்ராட் வான் ஹொட்சென்டார்ஃபுக்கு 1913இல் முட்டுக்கட்டையாக நின்றவர்களில் இவர் முதன்மையானவர். கொலையாளிகள் வீழ்த்தியது வியன்னா அரசவையில் போருக்கு எதிராக ஒலித்த வலிமையான குரலை.

## ஜூன் 28 அன்று நடந்தவை

படைப் பயிற்சிகளைப் பார்வையிடப் போஸ்னியா வந்த இளவரசர், அவை முடிந்தபின் சரயேவோ நகருக்குள் செல்வதென ஏற்பாடாகியிருந்தது. 1389இல் கொசோவோ களத்தில் நேர்ந்த தோல்வியைச் செர்பியர்கள் நினைவுகூரும் புனித நாள் அது. அந்த நாளைத் தேர்ந்தது ஆத்திரமூட்டும் நோக்கத்தாலா, கவனக்குறைவாலா என்பது இங்கே முக்கியமன்று. பாதுகாப்பைத் திட்டமிட்டவர்கள் அந்த நாளின் பொருளைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே முக்கியம். 1910இல் பேரரசர் இந்நகருக்கு வந்தபோது தெருவின் இருமருங்கிலும் படைவீரர்கள் நின்றார்கள். இம்முறை பயிற்சியில் இருந்த படைகள் நகரத்துக்குள் கொண்டுவரப்படவில்லை. உள்ளூர்க் காவலர்களே அங்கங்கே நின்றனர். ஊர்வலம் செல்லும் வழியோ முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது.

மில்யாட்ஸ்கா ஆற்றங்கரைச் சாலையில் ஆறு பேர் ஆயுதங்களுடன் காத்திருந்தனர். ‘இளைய போஸ்னியா’ என்று அழைக்கப்பட்ட இளைஞர் வட்டத்தைச் சேர்ந்த இவர்களில் மூவர் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து கைத்துப்பாக்கிகளும் கைக்குண்டுகளும் பெற்று, எல்லைக் காவலில் இருந்த செர்பியர்கள் சிலரின் உதவியோடு போஸ்னியாவுக்குள் நுழைந்தவர்கள். வாகனங்கள் கடந்தபோது முதலில் நின்றவர் எதுவும் செய்யவில்லை. சற்றுத் தள்ளி நின்ற நெதெல்கோ சாப்ரினோவிச் வீசிய குண்டு இளவரசரின் வாகனத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்த கூரையில் பட்டுத் தெறித்துப் பின்னால் வந்த வாகனத்தின் அடியில் வெடித்தது. அதிகாரிகளும் பார்வையாளர்களும் காயமடைந்தனர். குண்டு வீசியவர் நஞ்சை விழுங்கி ஆற்றில் குதித்தார், நஞ்சு கொல்லவில்லை, கோடையில் வற்றிக் கிடந்த ஆறும் கொல்லவில்லை, பிடிபட்டார்.

இங்கேயே பயணத்தை நிறுத்தியிருக்கலாம். நகர மன்றத்தில் வரவேற்பு முடிந்ததும், காயமடைந்த அதிகாரியை மருத்துவமனையில் பார்க்க வேண்டுமென்று இளவரசர் விரும்பினார். குறுகலான பிரான்ஸ் ஜோசப் தெருவுக்குள் திரும்பாமல் ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகச் செல்வது பாதுகாப்பானது என்று ஆளுநர் ஆஸ்கார் போட்டியோரெக் முடிவு செய்தார். முடிவு சரியானதே. ஆனால் அது வாகன ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படவில்லை. இத்தகைய செய்திகளைக் கொண்டுசேர்க்க வேண்டிய உதவி அதிகாரிதான் மருத்துவமனையில் கிடந்தவர். முன்னே சென்ற வாகனம் பழைய திட்டப்படி இலத்தீன் பாலத்தின் எதிரே வலப்புறம் திரும்ப, இளவரசரின் வாகனமும் அதைப் பின்தொடர்ந்தது. தவறான வழி என்று ஆளுநர் கூவியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். நின்ற இடத்தில், மிக அருகில், 19 வயதான காவ்ரிலோ பிரின்சிப் நின்றுகொண்டிருந்தார். இரண்டு முறை சுட்டார். இளவரசருக்குக் கழுத்திலும் சோஃபிக்கு வயிற்றிலும் குண்டு பாய்ந்தது. சிறிது நேரத்தில் இருவரும் இறந்தனர். முன்னெச்சரிக்கையாக ஓர் அதிகாரி வாகனத்தின் பக்கப் படியில் நின்று வந்தார் என்பதும், அவர் நின்றது இடப்பக்கம், குண்டுகள் வந்தது வலப்பக்கம் என்பதும் பதிவாகியுள்ளன. (பிரின்சிப் அப்போது ரொட்டித்துண்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தார் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு அக்காலச் சான்று கிடையாது. அறிவிக்கப்பட்ட வழியில்தான் அவர் நின்றிருந்தார்.)

## முதல் பத்து நாட்கள்

சரயேவோவில் செர்பியர்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. ஐரோப்பாவின் பிற நகரங்களில் அதிர்ச்சி இருந்தது, போர் குறித்த அச்சம் பெரிதாக இல்லை. அரச குடும்பத்தினர் கொல்லப்படுவது அந்தத் தலைமுறைக்குப் புதிதன்று: 1898இல் பிரான்ஸ் ஜோசப்பின் மனைவி எலிசபெத்தே ஜெனீவாவில் ஓர் இத்தாலியரால் குத்திக் கொல்லப்பட்டார், அதற்காக இத்தாலி மீது எவரும் போர் தொடுக்கவில்லை. 1908இல் போர்ச்சுக்கல் மன்னர் கார்லோசும் பட்டத்து இளவரசர் லூயிஸ் பிலிப்பும் லிஸ்பன் நகரத் தெருவில் ஒரே நேரத்தில் சுடப்பட்டு மாண்டனர். அதுவும் எல்லை தாண்டவில்லை. முதல் நிகழ்வில் கொலையாளி ஓர் அரசின் ஆளாகக் கருதப்படவில்லை, இரண்டாவதில் கொலையாளிகள் உள்நாட்டினர். சரயேவோவில் மட்டுமே, கொலையின் பின்னால் ஓர் அண்டை அரசின் நிழல் தெரிந்தது. அந்த அண்டை நாட்டோடு கணக்குத் தீர்க்க வேண்டுமென்று முன்பே விரும்பியவர்கள் அதிகாரத்தில் இருந்தார்கள். அந்த அண்டை நாட்டுக்கு ஒரு வல்லரசின் ஆதரவும் இருந்தது. மூன்றும் ஒன்றுசேர்ந்ததால்தான் இந்தக் கொலை மற்றவற்றிலிருந்து வேறுபட்டது.

இந்த நாட்களில் பெல்கிரேடு செய்யத் தவறியதையும் பதிவு செய்ய வேண்டும். ஆயுதம் தாங்கிய இளைஞர்கள் எல்லையைக் கடந்த செய்தி ஜூன் மாதத்திலேயே பாஷிச்சின் காதுக்கு எட்டியிருந்தது. வியன்னாவில் இருந்த செர்பியத் தூதர் போஸ்னிய நிர்வாகத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் எச்சரிக்கை ஒன்றைச் சொன்னார். அது அத்தனை மங்கலாக இருந்ததால் கேட்டவர் பொருட்படுத்தவில்லை. கொலைக்குப் பிறகு செர்பிய அரசு தானாக முன்வந்து விசாரணை தொடங்கி, ஆயுதம் கொடுத்தவர்களைக் கைது செய்திருந்தால் வியன்னாவின் வாதம் பெருமளவு வலுவிழந்திருக்கும். ஆனால் விசாரணை உளவுத்துறைத் தலைவரின் வாசலில் போய் நிற்கும் என்பதால் பாஷிச் அதைத் தொடங்கவில்லை. அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது, அதற்கான விலையோ மிகப் பெரியது.

## வியன்னாவின் முடிவும் பெர்லினின் உறுதியும்

வெளியுறவு அமைச்சர் லியோபோல்ட் பெர்க்டோல்டு, 1913இல் தயங்கியவர், இம்முறை தயங்கவில்லை. தண்டிக்காமல் விட்டால் பேரரசின் ஸ்லாவ் மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும், வல்லரசு என்ற மதிப்பும் போய்விடும் என்பது அவரைச் சுற்றியிருந்தவர்களின் வாதம். கொலையின் விசாரணை முடியும் முன்பே போர் வேண்டும் என்ற முடிவை நோக்கி அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ஜூலை 13 அன்று, சரயேவோவுக்கு அனுப்பப்பட்ட வெளியுறவுத்துறைச் சட்ட அதிகாரி, செர்பிய அதிகாரிகள் சிலர் ஆயுதங்களுக்கு ஏற்பாடு செய்ததற்குச் சான்று உண்டு என்றும், செர்பிய அரசுக்கே கொலையில் பங்கு உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்றும் தந்தி அனுப்பினார். அதன்பிறகும் திட்டம் மாறவில்லை. குற்றத்தைக் கண்டுபிடித்தபின் தண்டனையை முடிவு செய்வதே முறை. இங்கே தண்டனை முன்பே முடிவாகியிருந்ததால் கண்டுபிடிப்புக்குப் பயன் இல்லாமல் போயிற்று.

ரஷ்யா தலையிட்டால் ஜெர்மனி துணை நிற்குமா என்பதே வியன்னாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜூலை 5 அன்று போட்ஸ்டாமில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும், மறுநாள் தலைமை அமைச்சர் பெத்மான் ஹோல்வெக்கும், ஆஸ்திரியா எந்த முடிவெடுத்தாலும் ஜெர்மனி பக்கபலமாக நிற்கும் என்று உறுதியளித்தனர். வரலாற்றாசிரியர்கள் இதை ‘வெற்றுக் காசோலை’ என்று அழைப்பதுண்டு. கொடுத்தவர்களின் கணக்கு இதுதான்: ஆஸ்திரியா விரைந்து தாக்கும், கொலையின் அதிர்ச்சியில் இருக்கும் ரஷ்ய ஜார் மன்னர், மன்னரைக் கொன்றவர்களுக்காக வாளெடுக்க மாட்டார், அப்படியே எடுத்தாலும், ரஷ்யாவின் படைவலு ஆண்டுக்கு ஆண்டு பெருகிவரும் நிலையில் பின்னர் மோதுவதைவிட இப்போதே மோதுவது மேல். உறுதிமொழி தந்த கையோடு வில்ஹெல்ம் வழக்கமான நார்வே கடற்பயணத்துக்குப் புறப்பட்டுவிட்டார். எந்த நிபந்தனையும் விதிக்காமல், ஆஸ்திரியா விதிக்கப்போகும் கோரிக்கைகளை அறியாமல், இத்தனை பெரிய வாக்குறுதி கொடுக்கப்பட்டது. இந்த 37 நாட்களில் எடுக்கப்பட்ட முடிவுகளில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் நான் தேர்வது இதையே.

## கைநழுவிய இரண்டு வாரங்கள்

ஜெர்மனியின் கணக்கு முழுவதும் ‘விரைந்து’ என்ற நிபந்தனையைச் சார்ந்திருந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரியால் அதை மட்டும் செய்ய இயலவில்லை. ஜூலை 7 அமைச்சரவைக் கூட்டத்தில் ஹங்கேரியப் பிரதமர் இஸ்த்வான் டிஸா தனியாக நின்று எதிர்த்தார். ரஷ்யா வரும் என்றார், மேலும் ஸ்லாவ் மக்களைப் பேரரசுக்குள் சேர்ப்பதையும் விரும்பவில்லை. அவர் இணங்க ஜூலை 14 ஆனது. செர்பிய நிலத்தைப் பேரரசோடு சேர்க்கக்கூடாது என்ற நிபந்தனையுடன்தான் இணங்கினார். அறுவடைக்காகப் பல படைப்பிரிவுகளின் வீரர்கள் விடுப்பில் ஊர் சென்றிருந்தனர். திடீரென்று திருப்பி அழைத்தால் பயிரும் கெடும், இரகசியமும் கெடும். போதாதற்கு, பிரெஞ்சு அதிபர் புவான்காரேயும் பிரதமர் விவியானியும் ஜூலை 20 முதல் 23 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரசு விருந்தினராக இருந்தனர். அவர்கள் அங்கே இருக்கும்போது கோரிக்கை வெளியானால் ரஷ்யாவும் பிரான்சும் நேரில் கலந்து முடிவெடுத்துவிடும் என்பதால், அவர்கள் கப்பலேறும்வரை காத்திருப்பது என்று முடிவானது.

ஒவ்வொரு தாமதத்துக்கும் தனித்தனியே காரணம் இருந்தது. சேர்த்துப் பார்த்தால், கொலையால் எழுந்த அனுதாபம் முழுவதும் வடிந்துபோகும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். அந்த வாரங்களில் பாரிஸ் நாளிதழ்கள் அமைச்சர் ஒருவரின் மனைவி மீதான கொலை வழக்கிலும், லண்டன் அரசியல் அயர்லாந்துத் தன்னாட்சிச் சிக்கலிலும் மூழ்கியிருந்தன. ஜூலை 23 மாலை கோரிக்கை வெளியானபோது, துக்கத்தில் துடிக்கும் அரசு ஒன்றின் ஆவேசமாக அது தோன்றவில்லை. திட்டமிட்டுத் தீட்டிய தாக்குதலாகத் தோன்றியது. உண்மையும் அதுவே.

## 48 மணி நேரம்

பத்துக் கோரிக்கைகள், 48 மணி நேரக் கெடு. ஆஸ்திரிய எதிர்ப்புப் பிரசாரத்தை அடக்குவது, குறிப்பிட்ட அமைப்புகளைக் கலைப்பது, குறிப்பிட்ட அதிகாரிகளை நீக்குவது, கொலைக்கு உதவியவர்களைக் கைது செய்வது ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆறாவது கோரிக்கை, செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்க வேண்டும் என்றது. செர்பியா ஏற்கக்கூடாது என்ற எண்ணத்தோடே இந்த ஆவணம் வரையப்பட்டது.

ஜூலை 25 மாலை ஆறு மணிக்குச் சற்று முன் பாஷிச் தாமே பதிலைக் கொண்டுவந்து ஆஸ்திரியத் தூதரிடம் கொடுத்தார். நயமாகவும் சில இடங்களில் நழுவலாகவும் எழுதப்பட்ட அந்தப் பதில் பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கியது. ஆறாவதை மட்டும் அரசியலமைப்புக்கு முரணானது என்று மறுத்தது. போதாதென்றால் ஹேக் நடுவர் மன்றத்திடமோ வல்லரசுகளிடமோ விடலாம் என்றது. தூதர் பதிலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, உறவு முறிந்தது என்று தெரிவித்து, அரை மணி நேரத்தில் ரயிலேறினார். அவருக்கு வந்திருந்த உத்தரவு அப்படி. செர்பியாவும் அன்று பிற்பகலிலேயே படைதிரட்ட ஆணையிட்டிருந்தது.

ரஷ்யாவில் ஜூலை 24 அன்று கூடிய அமைச்சரவை, செர்பியாவைக் கைவிடுவதில்லை என்று முடிவெடுத்தது. 1909இன் நினைவு இங்கே நேரடியாகச் செயல்பட்டது. 26ஆம் தேதி முதல் போருக்கு ஆயத்தமாகும் நடவடிக்கைகள் தொடங்கின. அவை வெறும் எச்சரிக்கை என்று வெளியுறவு அமைச்சர் சசோனோவ் கருதினார். எல்லைக்கு அப்பால் இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கருதவில்லை.

## ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 4 வரை

நான்கு நாடுகளின் மாநாடு கூட்டலாம் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே 26ஆம் தேதி முன்மொழிந்தார். பெர்லின் மறுத்தது. கடற்பயணத்திலிருந்து திரும்பிய வில்ஹெல்ம் 28ஆம் தேதி காலையில்தான் செர்பியப் பதிலைப் படித்தார். படித்ததும், போருக்கான காரணமே இனி இல்லை என்று குறித்து, ஆஸ்திரியா பெல்கிரேடை மட்டும் பிணையாகக் கைப்பற்றி அங்கேயே நிற்கலாம் என்று யோசனை எழுதினார். மூன்று வாரங்களுக்கு முன் நிபந்தனையின்றிக் கொடுத்த வாக்கை அவர் இப்போது வரையறுக்க முயன்றார். அன்றே வியன்னா செர்பியா மீது தந்தி மூலம் போர் அறிவித்தது.

படை ஆகஸ்ட் 12க்கு முன் தாக்குதலுக்குத் தயாராகாது என்று கான்ராட் முன்பே சொல்லியிருந்தார். தாக்க இரண்டு வாரங்கள் இருக்கும்போது போர் அறிவிப்பு எதற்கு? சமரச முயற்சிகள் வலுப்பெறும் முன் கதவை அடைப்பதற்காகத்தான். இராணுவத் தேவை எதுவும் இல்லாத இந்த அறிவிப்பும், மறுநாள் விடியும் முன் பெல்கிரேடு மீது ஆற்றுப் போர்க்கப்பல்கள் வீசிய குண்டுகளும் ரஷ்யாவின் கையைக் கட்டிப்போட்டன.

இதன்பின் அமைச்சர்களின் விருப்பத்தைவிட ரயில் அட்டவணைகளே அதிகம் பேசின. ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் பகுதியளவில் படைதிரட்ட ஜார் நிக்கோலஸ் விரும்பினார். அப்படிச் செய்தால் முழுப் படைதிரட்டலுக்கான திட்டமே சிதைந்துவிடும் என்று தளபதிகள் கூறினர். 29ஆம் தேதி முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் தந்து, வில்ஹெல்மின் தந்தி கிடைத்ததும் அன்றிரவே அதை மீட்டுக்கொண்டு, 30ஆம் தேதி சசோனோவின் வற்புறுத்தலால் மீண்டும் ஒப்புதல் தந்தார். ஜெர்மனியின் திட்டமோ இன்னும் இறுக்கமானது: முதலில் பெல்ஜியம் வழியே பிரான்சை வீழ்த்தி, பிறகு ரஷ்யா பக்கம் திரும்புவது. ரஷ்யா படைதிரட்டத் தொடங்கியபின் ஒவ்வொரு நாளும் அந்தத் திட்டத்துக்கு இழப்பு. ஆகவே ஜெர்மனி ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யா மீதும், 3 அன்று பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்ற தவறான நம்பிக்கை பிறந்தபோது, படை முழுவதையும் கிழக்கே திருப்புங்கள் என்று வில்ஹெல்ம் கேட்டார். அது முடியாத காரியம் என்று தளபதி மோல்ட்கே பதிலளித்தார். சரயேவோவோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெல்ஜியத்துக்குள் 4ஆம் தேதி ஜெர்மன் படைகள் நுழைந்தன. 1839 உடன்படிக்கையின்படி பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உத்தரவாதம் தந்திருந்த பிரிட்டன் அன்றிரவு போரில் இறங்கியது. கொலையின் மூல வழக்காளியான ஆஸ்திரியா-ஹங்கேரி ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6 அன்றுதான்.

## விளைவு

போர் 1918 நவம்பர் வரை நீடித்தது. ஏறத்தாழ 90 லட்சம் முதல் ஒரு கோடி வரையிலான படைவீரர்கள் மாண்டனர். மக்கள்தொகை விகிதத்தில் மிகக் கடுமையான இழப்பைச் சந்தித்த நாடுகளுள் செர்பியாவும் ஒன்று. கொலையால் சிதையக்கூடாது என்று வியன்னா எந்தப் பேரரசைக் காக்க முனைந்ததோ அது போரின் முடிவில் வரைபடத்திலேயே இல்லை. ஜெர்மன், ரஷ்ய முடியாட்சிகளும் வீழ்ந்தன. போரின் எல்லை எத்தனை விரைவாக விரிந்தது என்பதற்கு ஒரு சான்று போதும்: கொலை நடந்து மூன்று மாதங்கள் நிறைவதற்குள், செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது.

பிரின்சிப் இருபது வயது நிரம்பாதவர் என்பதால் தூக்கிலிருந்து தப்பி, 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1918 ஏப்ரலில் காசநோயால் சிறையில் இறந்தார். உளவுத்துறைத் தலைவர் திமித்ரியேவிச்சை 1917இல் செர்பிய அரசே வேறொரு குற்றச்சாட்டின்பேரில் சுட்டுக் கொன்றது.

## எவை வேறாக இருந்திருக்கலாம்

சரயேவோவில் ஓட்டுநரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் கொலையே நடந்திராது என்பது உண்மை. ஆனால் அங்கிருந்து தொடங்குவது இந்த ஆய்வுக்குப் பயன்தராது; பாதுகாப்பு எப்போதேனும் தவறும். தவறியபின் என்ன செய்வது என்பதே கேள்வி.

பெல்கிரேடு முதல் வாரத்திலேயே விசாரணையைத் தொடங்கியிருக்க வேண்டும், அது எங்கே கொண்டுபோய் விட்டாலும் சரி. வியன்னா தன் சட்ட அதிகாரியின் அறிக்கையை ஏற்று, அரசைக் குற்றம் சாட்டாமல் குறிப்பிட்ட அதிகாரிகளை ஒப்படைக்கும்படி கேட்டிருக்கலாம்; ஜூலை தொடக்கத்தில் அப்படிக் கேட்டிருந்தால் ரஷ்யாவாலும் எளிதில் எதிர்க்க முடிந்திராது. பெர்லின், கோரிக்கைகளைப் பார்த்தபின் ஆதரவு தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். ரஷ்யாவுக்கும் ஜெர்மனிக்கும் தங்கள் படைத்திட்டங்களில் பாதி வழியில் நிற்க ஓரிடம் இருந்திருக்க வேண்டும். அதை அமைதிக் காலத்திலேயே அமைச்சர்கள் கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். நெருக்கடியின் நடுவே கேட்டபோது தளபதிகளால் தர இயலவில்லை.

இவை கைகூடக்கூடியவையே என்பதற்கு இருபது ஆண்டுகள் கழித்து ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. 1934 அக்டோபர் 9 அன்று யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் மார்செய் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பார்த்துவும் அதே நிகழ்வில் இறந்தார். கொலைச் சதியில் ஈடுபட்டவர்களுக்கு ஹங்கேரியும் இத்தாலியும் புகலிடம் தந்திருந்தன. இம்முறை யூகோஸ்லாவியாவின் ஆதரவாளரான பிரான்சும், உடன் பிரிட்டனும், அதைத் தட்டிக்கொடுப்பதற்குப் பதில் பிடித்து நிறுத்தின. புகார் உலக நாடுகள் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. குற்றமுள்ள அதிகாரிகள் இருந்தால் தண்டித்து அறிக்கை தர வேண்டும் என்று டிசம்பரில் ஹங்கேரிக்குத் தீர்மானம் வழி சொல்லப்பட்டது. போர் மூளவில்லை. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று: முசோலினியைப் பகைத்துக்கொள்ள பிரான்ஸ் விரும்பாததால், சதிகாரர்களுக்குப் பயிற்சி முகாம்கள் அளித்த இத்தாலியின் பெயர் அந்தப் புகாரில் இடம்பெறவே இல்லை.